வெள்ளிக்கிழமை மேசையில் நீலப் பாலாடைக்கட்டி

பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு என்றாலே கடுமையின் உருவம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். 1917ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற அத்தொகுப்பின் 1250ஆம் எண்ணை எடுத்து வாசிப்போர்க்கு அவ்வெண்ணம் சற்றே தளரும். சுத்தபோசன நாளில் இறைச்சியும், இறைச்சியில் காய்ச்சிய சாறும் ஆகா என விலக்கிய அச்சட்டம், முட்டையும் பால்படு பொருள்களும் விலக்கல்ல என்றது. அத்துடன் நில்லாமல், உணவுக்குச் சுவையூட்டும் சேர்ப்புகள் எவையாயினும், அவை விலங்குக் கொழுப்பால் ஆனவையாயினும், அவற்றையும் அனுமதித்தது. உண்பவர் நாவைத் திருச்சபைத் தாய் முற்றிலும் மறந்துவிடவில்லை!

இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு சேர்ப்பைப் பற்றியே. பச்சைக் காய்களும் கீரைகளும் கலந்த சாலட் எனும் உணவின்மேல் ஊற்றி உண்பதற்கென மேலை நாட்டார் ஆக்கும் குழைவான கலவைக்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். அவற்றுள் நீலப் பாலாடைக்கட்டியைக் கொண்டு செய்வது அமெரிக்க நாட்டில் பெரிதும் விரும்பப்படுவது. நம் குடும்பப் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் இல்லறம் நடத்துகின்றனர். அங்கே கடைகளில் புட்டி புட்டியாக விற்கும் இதனை வீட்டிலேயே செய்தல் எளிது, சுவையும் மிகுதி. ஆயினும் செய்முறைக்குப் புகுமுன், இப்பொருள் வெள்ளிக்கிழமை மேசைக்கு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

சுவிட்சர்லாந்து நாட்டின் புனித கால் மடத்தில் வாழ்ந்த நோட்கர் என்னும் துறவி, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாமன்னர் சார்லமேனைப் பற்றிய நூல் ஒன்றை எழுதினார். மன்னர் 814இல் மறைந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூலாதலால், அதில் வரலாறு எவ்வளவு, செவிவழிக் கதை எவ்வளவு என்று பிரித்தறிதல் கடினம். அதில் வரும் ஒரு நிகழ்ச்சி இது.

மன்னர் பயணத்தின் நடுவே, முன்னறிவிப்பின்றி, ஓர் ஆயரின் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை. நாற்கால் விலங்கின் ஊனோ பறவையின் ஊனோ உண்ண மன்னர் விரும்பவில்லை. மீனுக்கோ அவ்விடத்தில் உடனே வழியில்லை. ஆயர் என்ன செய்வார்? வீட்டில் இருந்த கொழுமையான பாலாடைக்கட்டியை எடுத்து வைத்தார். மன்னரோ அதில் படிந்திருந்த பூசணத்தை அருவருத்துக் கத்தி முனையால் சுரண்டி எறிந்துவிட்டு, வெண்பகுதியை மட்டும் உண்ணத் தொடங்கினார். பணியாளரைப்போல் அருகில் நின்றிருந்த ஆயர் கிட்டச் சென்று, எறியப்படும் பகுதியே அதில் மிகச் சிறந்தது என்று பணிவுடன் எடுத்துரைத்தார். மன்னர் ஒரு துண்டை வாயிலிட்டு மென்று பார்த்தார். ஆயர் கூறியது மெய் என ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் இரண்டு வண்டி நிறைய இதனை ஆகன் நகருக்கு அனுப்பவேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது.

ஆயர் நடுங்கிப்போனார். வெளியே பார்த்து உள்ளே பூசணம் ஓடியிருப்பதை எங்ஙனம் அறிவது? ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பார்த்து, நல்லவற்றை மீண்டும் பொருத்தி, குச்சியால் குத்தி இணைத்து அனுப்புக என்று மன்னரே வழி சொன்னாராம். மூன்றாம் ஆண்டு ஆயர் தாமே வண்டியுடன் சென்றபோது, அவர் பட்ட தொல்லைக்கு ஈடாக நல்ல விளைநிலம் கொண்ட பண்ணை ஒன்றை மன்னர் அவருக்கும் அவர் வழிவரும் ஆயர்களுக்கும் அளித்தார் என்று கதை முடிகிறது. அந்தப் பாலாடைக்கட்டியின் பெயரையோ ஊரையோ நோட்கர் குறிக்கவில்லை. அது தங்கள் ஊர்ப் பண்டமே எனப் பிற்காலத்தார் பலர் உரிமை கொண்டாடினர். அவ்வுரிமைக்கு நூலில் ஆதாரமில்லை.

பெயரோடும் ஊரோடும் தெளிவாகத் தெரிவது, தென் பிரான்சு நாட்டின் அவேரோன் பகுதியிலுள்ள ரோக்ஃபோர் என்னும் சிற்றூரின் பாலாடைக்கட்டி. செம்மறியாட்டுப் பாலால் ஆனது. அவ்வூரின் கொம்பலூ குன்றிலுள்ள குகைகளில், பாறை வெடிப்புகளின் வழியே எப்பொழுதும் குளிர்ந்த ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும். அங்கேயே அது பக்குவப்பட வேண்டும். 1411இல் பிரான்சு மன்னர் ஆறாம் சார்லஸ் அவ்வூராருக்கு இதற்கான தனியுரிமையை வழங்கினார். 1925இல் அந்நாட்டுச் சட்டமும் அப்பெயரைக் காத்தது. இத்தாலியரின் கோர்கொன்சோலாவும் ஆங்கிலேயரின் ஸ்டில்டனும் பசுவின் பாலால் ஆனவை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் 1941 முதல் மேட்டாக் என்ற பெயரில் பசும்பால் நீலக்கட்டி செய்யப்பட்டு வருகிறது.

நீல நிறம் எங்கிருந்து வருகிறது? பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்று அறிஞர் பெயரிட்ட பூசணமே அது. முற்காலத்தில் கம்புமாவைப் போன்ற கருநிற ரை தானிய ரொட்டியில் இதனை வளர்த்து, உலர்த்திப் பொடித்துப் பாலில் தூவினர். கட்டி உருவானபின் நீண்ட ஊசிகளால் அதில் துளையிடுவர். பூசணத்திற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். ஊசி சென்ற வழியே காற்றும் செல்ல, நீல நரம்புகள் ஓடத் தொடங்கும். அது பாலிலுள்ள கொழுப்பைச் சிதைத்து, மீத்தைல் கீட்டோன்கள் எனப்படும் பொருள்களை உண்டாக்குகிறது. நாசியில் ஏறும் அந்தக் காரமான மணம் அவற்றின் வேலை.

இல்லத்தரசியர் இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். இது வேண்டுமென்றே விதைத்து, கண்காணித்து வளர்த்த பூசணம். நம் வீட்டு ரொட்டியிலும், ஊறுகாயிலும், நிலக்கடலையிலும் தானாகப் பூக்கும் பூசணம் இதன் உறவினன் என எண்ணி எவரும் உண்ணத் துணியவேண்டா. நிலக்கடலைப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும்.

இனி, அமெரிக்க நாட்டுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ஈரி ஏரிக்கரையில், பஃபலோ நகரம் உள்ளது. இத்தாலியரும், போலந்து நாட்டவரும், அயர்லாந்தாரும் குடியேறி வளர்த்த, கத்தோலிக்கர் மிகுந்த ஊர். வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீன் உண்ணும் வழக்கம் அங்கே இன்றும் வலுவாக இருக்கிறது. அந்நகரின் மெயின் தெருவில் ஆங்கர் பார் என்ற உணவு விடுதியைப் பிராங்க் பெல்லிசிமோ, தெரெசா பெல்லிசிமோ என்ற இத்தாலிய வழித் தம்பதியர் நடத்தி வந்தனர். கோழி இறக்கையைப் பொரித்து, வெண்ணெயும் மிளகாய்ச் சாறும் கலந்து புரட்டி, செலரித் தண்டுடனும் நீலப் பாலாடைக்கட்டிக் கலவையுடனும் பரிமாறும் வழக்கம் 1964இல் அவ்விடுதியில் தோன்றியது என்பர். இன்று அது அமெரிக்கா எங்கும் பரவிய உணவு.

அது தோன்றிய கதையை அக்குடும்பத்தாரே இருவிதமாகக் கூறினர். கால்வின் டிரில்லின் என்ற எழுத்தாளர் 1980இல் நியூயார்க்கர் இதழில் இதனை ஆராய்ந்து எழுதினார். கோழியின் முதுகும் கழுத்தும் கேட்டிருக்க, கடைக்காரர் தவறி இறக்கைகளை அனுப்பிவிட்டார். வீணாக்க மனமின்றித் தெரெசா அவற்றைப் பொரித்தார் என்பது தந்தையின் கூற்று. மகன் தோமினிக் சொன்னது வேறு. அன்று வெள்ளிக்கிழமை இரவு. விடுதியில் இருந்தோரில் பலர் கத்தோலிக்கர். நள்ளிரவு தாண்டினால் சனிக்கிழமை பிறந்துவிடும், இறைச்சி உண்ணத் தடையிராது. அந்நேரத்திற்கு அவர்களுக்கு நல்லதாக ஏதேனும் செய்து தருக என்று தாயிடம் தாம் கேட்டதாக அவர் கூறினார். இறக்கைகளை முன்னரே தாம் விற்று வந்ததாக ஜான் யங் என்ற கறுப்பின விடுதிக்காரர் தம் உரிமையை எடுத்துரைத்ததையும் டிரில்லின் பதிவு செய்துள்ளார். வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் அக்குடும்பத்தார் கூறிய இரு கதைகளிலும் மாறாத ஒன்று உண்டு: அந்த நீலக் கலவை அன்று புதிதாக ஆக்கப்பட்டதன்று. அது அவ்விடுதியின் அன்றாடச் சாலட் கலவை. செலரியோ உணவுக்கு முன் வைக்கும் காய்கறித் தட்டிலிருந்து எடுத்தது.

மகன் கூறிய கதையை நம்பினால், காட்சி இப்படி அமையும். மாலை முழுதும் அம்மேசைகளில் காயும் நீலக்கட்டியும் தடையின்றி இருந்தன. கோழி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தது. சுத்தபோசன நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று சட்டமே அளந்து வைத்திருந்தது. பன்னிரண்டு மணி அடித்தவுடன் கோழிக்குப் பாய்ந்தவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். நாம் சிரிக்கமாட்டோம். மதுவிடுதியின் நள்ளிரவில், எவரும் கண்காணிக்காத இடத்தில், கைக்கெட்டிய இறைச்சியை ஆண்டவருடைய பாடுகளின் நாள் என்பதற்காக ஒரு மணி நேரம் தள்ளி வைத்த மனிதர் அவர்கள். அவ்வளவேனும் செய்கிறோமா என்று நம் வீட்டு வெள்ளிக்கிழமைகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஈராண்டுகளில் நிலை மாறிற்று. 1966 பிப்ரவரியில் பாப்பிறை ஆறாம் சின்னப்பர் தவமுயற்சி பற்றிய ஒழுங்குகளைப் புதுப்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், தவக்காலத்திற்குப் புறம்பான வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனக் கடமையைத் தளர்த்தினர். ஆனால் வெள்ளிக்கிழமையைத் தளர்த்தவில்லை. இறைச்சி ஒறுத்தலை விரும்பி மேற்கொள்வதே முதலிடம் பெறட்டும் என்றும், நோயாளரைச் சந்தித்தல், முதியோர்க்கும் தனித்திருப்போர்க்கும் துணை செய்தல் போன்ற செயல்களால் அந்நாள் நிறையட்டும் என்றும் அவர்கள் எழுதினர். கட்டளை போனது பலருக்கு நினைவிருந்தது. பின்பகுதி காற்றோடு போயிற்று. 2011இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை மீண்டும் நிலைநாட்டினர். 1983இன் சட்டத் தொகுப்பும் ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளையும் ஒறுத்தல் நாளாகவே வைத்திருக்கிறது. இறைச்சியையோ, ஆயர் பேரவை குறிக்கும் வேறு உணவையோ விலக்குதல் பதினான்கு வயது நிறைந்தோர்க்குரியது. பெருவிழா அந்நாளில் வந்தால் மட்டும் விலக்கு உண்டு.

இங்கே மற்றொரு கேள்வி எழும். இறைச்சியை விலக்கிவிட்டு, அதனினும் விலையுயர்ந்த ஒன்றை வாங்கி உண்டால் அது ஒறுத்தலா? சட்டத்தின் எழுத்துப்படி குற்றமில்லை. நம் ஊர்களில் வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்கும் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று; வஞ்சிரத்தின் விலையை அறிந்தவர் அறிவர். ஆயர் மன்னருக்கு வைத்த பாலாடைக்கட்டி, வீட்டில் வேறு ஒன்றும் இல்லாததால் வைத்தது. அமெரிக்கக் குடும்பத்துக்கு நீலக்கட்டி சாதாரணக் கடைப்பொருள். அதே கட்டியைக் கப்பலேறி வந்த விலைக்கு நம் நாட்டில் வாங்கி வெள்ளிக்கிழமை ஆசரிப்பதாகச் சொன்னால், நாம் தலையசைக்கத் தயங்குவோம். ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பிறை புனித பெரிய சிங்கராயர், உபவாசிப்பவன் தன் வயிற்றுக்கு மறுத்தது ஏழையின் வயிற்றுக்குச் செல்லவேண்டும் என்று உரோமை மக்களுக்குத் திரும்பத் திரும்பப் போதித்தார். விலை கூடின உணவில் ஏழைக்கு மிஞ்சுவது ஏது? ஆகவே இது கிட்டும் இடத்தில் கிட்டும் விலைக்கு வாங்கக்கூடியவர்களே செய்து பார்க்கட்டும். நீலக்கட்டி இல்லாதவர் தயிரில் பூண்டும் மிளகும் சேர்த்துக் காய்கறிக்கு ஊற்றிக்கொள்ளலாம். அது நல்லதொரு தயிர்ப் பச்சடி. அதற்கு இந்தப் பெயர் வேண்டா.

இப்போது செய்முறை. ஆறு பேர்க்கு நீலப் பாலாடைக்கட்டி 120 கிராம், மயோனைஸ் 120 மில்லி, புளித்த பாலேடு 120 மில்லி, மோர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சிறு பூண்டுப் பல் ஒன்று, புதிதாகப் பொடித்த மிளகு சிறிது. அமெரிக்கக் கடையில் மோர் என்று விற்பது தயிரைப்போல் தடித்திருக்கும். நம் வீட்டு நீர்மோராயின் பாதியளவு போதும். புளித்த பாலேடு கிடையாவிடில், கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் தொங்கவிட்டு நீர் வடித்துக்கொள்ளலாம். கட்டியின் வகையைப் பொறுத்தவரை, எளிதில் உதிரும் பசும்பால் கட்டியே இதற்கு ஏற்றது. ரோக்ஃபோரை மயோனைஸில் கரைப்பது, அதன் விலையை எண்ணினால், வீண்செலவு என்பது நம் கருத்து.

மயோனைஸைக் கடையில் வாங்கலாம். வீட்டில் செய்பவர் பொறுமையுடன் அமரவேண்டும். ஒரு முட்டை மஞ்சட்கருவுடன் கடுகு விழுது கால் தேக்கரண்டியும் எலுமிச்சைச் சாறு சிறிதும் சேர்த்து அடித்து, 150 மில்லி எண்ணெயைத் துளித்துளியாக விட்டு இடைவிடாது அடித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். எண்ணெயும் நீரும் இயல்பாய்ச் சேரா. மஞ்சட்கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருள் எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் போர்த்தி நிறுத்துகிறது. முதலில் அவசரப்பட்டு ஊற்றினால் போர்த்த நேரமின்றிக் கலவை திரிந்துபோகும். திரிந்தால் எறியவேண்டா: வேறொரு கிண்ணத்தில் புதிய மஞ்சட்கரு ஒன்றை எடுத்து, திரிந்ததை அதில் துளித்துளியாகச் சேர்த்து அடித்தால் மீண்டும் கூடிவிடும். மணமற்ற சூரியகாந்தி எண்ணெய் நன்று. நல்லெண்ணெய் தன் மணத்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பச்சை முட்டைக்கு அஞ்சுவோர், மஞ்சட்கருவை எலுமிச்சைச் சாற்றுடனும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீருடனும் சேர்த்து, மிக மெல்லிய அனலில் 71 பாகை செல்சியசு எட்டும்வரை கிளறி, ஆறவைத்துப் பின் எண்ணெய் சேர்க்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இம்முறையே தக்கது.

பாலாடைக்கட்டியில் பாதியை எடுத்து, எலுமிச்சைச் சாறும் மோரும் விட்டு முள்கரண்டியால் நன்கு மசிக்கவேண்டும். கலவைக்குச் சுவை தருவது இப்பாதி. பின்னர் மயோனைஸையும் பாலேட்டையும் சேர்த்துக் கலக்கி, பூண்டை விழுதாக அரைத்தும், மிளகைத் தூவியும் விடுக. மீதிப் பாதியைக் கையால் உதிர்த்து இறுதியில் போட்டு மெல்லப் புரட்டுக. பல்லில் சிக்கும் துண்டுகள் இதனால் கிடைக்கும். மின் அரவைக் கருவியில் எல்லாவற்றையும் ஒன்றாக இட்டு அரைப்போர் உண்டு. நீலமும் வெள்ளையும் குழம்பிச் சாம்பல் நிறமாகும். பார்ப்போர்க்குப் பசி எடுக்காது.

உப்பை முதலில் போடுவதே பலர் செய்யும் தவறு. கட்டியிலேயே உப்பு மிகுந்திருக்கும். கலவையை மூடிக் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரமேனும் வைத்திருந்து, வெளியே எடுத்துச் சுவைத்த பின்னரே உப்பு வேண்டுமா என முடிவு செய்க. பெரும்பாலும் வேண்டியிராது. அந்த நான்கு மணி நேரத்தில் கட்டியின் மணம் கொழுப்பு முழுவதிலும் ஊறிப் பரவும். காலையில் கலந்து மாலையில் பரிமாறுவது சிறந்த ஏற்பாடு. மிகவும் இறுகியிருந்தால் மேலும் ஒரு கரண்டி மோர் விடலாம்.

மென்மையான கீரை இதன் பாரத்தைத் தாங்காது, துவண்டுவிடும். மொறுமொறுப்பான லெட்டூசு, செலரித் தண்டு, முட்டைக்கோசு, கேரட் போன்றவை ஏற்றவை. வெள்ளரிக்காயை நறுக்கி உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்து நீரைப் பிழிந்துவிட வேண்டும். இல்லையேல் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும். தோலுடன் வேகவைத்த உருளைக்கிழங்கைச் சூடாக உடைத்து அதன்மேல் இதனை ஊற்றினால், ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்கு வேறு உணவே தேவையில்லை. காய்கறியைத் தொடாத சிறுவரும் தட்டைத் துடைப்பர்.

கருவுற்ற தாய்மார் நீலப் பாலாடைக்கட்டியைத் தவிர்த்தல் வேண்டும். அதில் சிலவேளை காணப்படும் லிஸ்டீரியா என்னும் கிருமி தாய்க்குச் சிறு காய்ச்சலாக வந்துபோகலாம். கருவிலுள்ள குழந்தைக்கோ உயிர்க்கேடு. நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்க்கும் தளர்ந்த முதியோர்க்கும் இதே எச்சரிக்கை. அத்தகையோர் வீட்டில் இருப்பின், கட்டி சேர்ப்பதற்கு முன்னரே அவர்களுக்கெனக் கலவையில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதில் கொத்துமல்லித் தழையை அரிந்து போட்டுக் கொடுக்கலாம். கடை மயோனைஸில் செய்த கலவை குளிர்பெட்டியில் நான்கைந்து நாள்கள் இருக்கும். வீட்டு முட்டையில் செய்ததை இரண்டு நாள்களுக்குள் உண்டு முடித்துவிட வேண்டும். மேசையில் இரண்டு மணி நேரம் திறந்து கிடந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள். புட்டியின்மேல் செய்த தேதியை எழுதி ஒட்டிவைப்பது நல்லது. ஏற்கெனவே பூசணம் உள்ள பொருளில், புதிதாகப் பூத்தது எது என்பதைக் கண்ணால் கண்டறிய முடியாது.